இரட்டைக் கோடு

மூக்கையூருக்கு முதலில் போனபோது எனக்கு முப்பத்தாறு.
பையில் இருபது ரத்த அட்டைகள்,
யாரும் கேட்டிராத ஓர் ஆய்வுத் தலைப்பு.

செலஸ்தீனா வாசலில் நின்றே சொன்னாள்:
"மூணு புள்ள. மூணும் பத்து நாளு தாண்டல.
பால் குடிக்கும், அப்புறம் குடிக்காது,
வில்லா வளையும்.
துணிய மோந்தா கருப்பட்டிப் பாகு."
பிறகு சிரித்தாள்.
சிரித்தாள் என்று குறிப்பேட்டில் எழுதியது தவறு.

பாடநூலில் இந்த நோய்க்கு
பனி பெய்யும் நாட்டு மரம் ஒன்றின் பாகுப் பெயர்.
அந்த மரத்தை நான் கண்டதில்லை.
சாயல்குடிப் பக்கம் அடுப்பில் பதநீர் திரளும் வாசனை
லாரி டிரைவருக்கும் தெரியும்.
மதுரையில் மூன்று மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள்.
துணியை ஒருவரும் முகரவில்லை.

வட்டம் பெண், சதுரம் ஆண்,
செத்தவர் மேல் ஒரு சாய்கோடு,
சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் நடுவே இரட்டைக் கோடு.
ஏல நோட்டின் பின்தாளில் வரைந்தேன்.
அவள் புருஷன் பிச்சைமிக்கேல் குனிந்து பார்த்தான்:
"எங்களுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"
"அத்தை மகள்தானே."
"அப்ப ஊருக்கே ரெண்டு போடணும் மேடம்.
ஒத்த முடிச்சுல வல நிக்குமா?"
பதில் இருந்தது. சொல்லவில்லை.
மூன்று சாய்கோட்டையும்
அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது போட்டேன்.

இரண்டாம் வருடம் நாலாவது பிறந்தது.
மறுநாளே செவிலி நூர்ஜமீலா குதிகாலில் குத்தி
ஐந்து சொட்டை அட்டையில் ஏற்றி
சென்னை பஸ் கண்டக்டர் பையில் கொடுத்துவிட்டாள்.
இயந்திரம் லூசின் கோட்டை
தாளுக்கு வெளியே வரைந்தது.
இந்த முறை, வளையும் முன்பே தெரிந்தது.

சூசை பிழைத்தான்.
பருப்பில்லை, முட்டையில்லை, பால் அளந்து,
அலை வந்து படியைத் தொடும் வீட்டில்
மீன் இல்லை.
ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ராத்திரி ஆம்புலன்ஸ்.
சோற்றைக் கிராம் தராசில் நிறுத்துப் போட்டாள் செலஸ்தீனா.
அந்தத் தராசு என் ஆய்வக இருப்புப் பதிவேட்டில்
இன்னும் 'காணவில்லை'.

மற்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
குழாய், குளிர்பெட்டி, கண் எரிச்சல்.
ஒரு டிசம்பர் புயலில் மின்சாரம் போய்
நாற்பத்தோரு மாதிரிகள் வீணாயின.
நிதிக்குழு கேட்டது, எத்தனை பேருக்கு இருக்கும் என்று.
ஒன்பது குடும்பம் என்றேன்.
ஒன்பதா, என்று ஒருவர் பிஸ்கட் எடுத்தார்.

பத்தொன்பதாம் குரோமோசோமில் ஓர் எழுத்து.
ஜி நிற்க வேண்டிய இடத்தில் ஏ.
இரவு இரண்டரை மணிக்குத் திரையில் கண்டேன்.
சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.
சொல்ல ஆள் தேடி நடைக்கூடத்தில் ஓடி
லிஃப்ட் கதவு வரை போய்த் திரும்பினேன்.
கட்டுரையில் அவர்கள் 'குடும்பம் 7'.
கருப்பட்டி என்று எழுதியிருந்த வரியை
மதிப்பீட்டாளர் சுழித்திருந்தார்: இது என்ன பொருள்?
விளக்கியிருக்கலாம்.
அடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு.
சூசைக்கு இருபத்திரண்டு. கணக்கு கொஞ்சம் மெதுவாக வரும்,
ஆனால் ஏலக்கூடத்தில் எடை போடுவது அவன்தான்:
நகரை, ஊளி, பாரை, சீலா,
வாயில் வைக்காத அத்தனையும்.
அவன் தராசில் இதுவரை யாரும் சண்டை போட்டதில்லையாம்.

"மாமன் மகளக் கேக்குறாக," என்றாள் செலஸ்தீனா.
"ரெண்டு கோடு போடுவீகளா?"
நான் வாய் திறக்கும் முன்
அந்தப் பெண் ஜெனோவா முன்னால் வந்து
விரலை நீட்டினாள்.
"நான் வட்டமா, சதுரமா?"
"வட்டம்."
"உள்ள என்ன இருக்கும்?"
"வெறுமையா இருக்கலாம். பாதி கறுப்பா இருக்கலாம்."
"பாதின்னா?"
சொன்னேன். இம்முறை எல்லாம் சொன்னேன்.
அவள் விரலை மடக்கவில்லை.

ஐந்து சொட்டு.
அட்டை காய மூன்று மணி நேரம் ஆகும்.
வலைக்கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம்,
வெயில் படாமல்.
உள்ளேயிருந்து கருப்பட்டிக் காப்பி வந்தது.
முகர்ந்து பார்த்துவிட்டு,
எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க,
குடித்தேன்.