கீழிருந்து அடிக்கும் வெயில்

"வெத்தலை போடுவியாம்மா?"
"இல்லைங்க."
"புகையிலை?"
"வாசனைகூட ஆகாது."
பின்னே கீழுதட்டில் எப்படி வந்தது
ஆறாத இந்தப் புண்?
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர்
டார்ச்சைத் தாழ்த்துகிறார்.

அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில்
இருபத்தாறு வருஷம்
குனிந்தே வாரினேன்.
தலைக்குத் துண்டு உண்டு,
மேலே இருப்பது ஒரு சூரியன்.
கீழே பாத்திக்கொன்று.
முகம் கவிழ்த்தவளுக்கு
எந்தப் பக்கம் நிழல்?
கூலிங்கிளாஸ் கேட்டபோது
பொண்ணு பாக்க வர்றாங்களா என்று
சிரித்தார் கணக்குப்பிள்ளை.

சொன்னேன். தலையாட்டினார்.
சீட்டில் எழுதியதை
பஸ்ஸில் பக்கத்துப் பெண் படித்துச் சொன்னாள்:
பெயர் மங்கையர்க்கரசி
வயது நாற்பத்தொன்பது
தொழில் இல்லத்தரசி.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும்
வெயில் என் பக்கம் வந்தது.
இடம் மாத்திக்கலாமா என்றாள்.
அவள் உதட்டைப் பார்த்து
வேண்டாமென்றேன்.