பதினோராவது ஸ்லைடு

பிப்ரவரி. பாலட்டான் ஏரி இறுகிக் கிடக்கிறது.
பனிக்கட்டியில் துளையிட்டு
அம்ப்ருஷ் அள்ளித் தந்த சிப்பிகள்
வாளிக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
திஹானி மேட்டில் ஏறி வந்தன.
அந்த இடிபாட்டில்
அவற்றின் நரம்பிலிருந்து எவ்வளவு செலவானதோ,
குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நான் சீவுகிறவள்.
பத்து மைக்ரான். மூச்சுப் பட்டால் சுருண்டுகொள்ளும்.
உலர்த்தி, பார்மால்டிஹைடு ஆவியில்
எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம்.
பச்சையாய் எரிந்தால் டோப்பமின்,
மஞ்சளாய் எரிந்தால் செரோடோனின் என்பார் வெண்டெல்.
சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டுமா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.

ஆவி தரும் பொடிக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும்.
குறைந்தால் எதுவும் ஒளிராது.
மிஞ்சினால்
பச்சை தன் செல்லை விட்டுக் கசிந்து
பக்கத்து வீட்டில் விளக்கேற்றும்.
போன அக்டோபர் மழையில்
அப்படி ஏறிய விளக்குகள்
மூன்று பக்கக் கட்டுரையாகி
புடாபெஸ்டுக்குப் போய்விட்டன.
நான்தான் தட்டச்சு செய்தேன்.

இன்று மஞ்சள்.
நரம்பு முடிச்சு முழுக்க மஞ்சள்.
கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி
வெண்டெல் எண்ணிக்கொண்டே போனார்:
நாற்பது, நாற்பத்தொன்று.
பிடரி வரை சிவந்திருந்தது அவருடைய சந்தோஷம்.

பதினோராவது ஸ்லைடுக்கு
நான் ஆவி காட்டவில்லை.
மறதி அல்ல;
சும்மா ஒன்று கிடக்கட்டும் என்று ஒதுக்கியது.
அதுவும் மஞ்சளாய் எரிந்தது.

கிழட்டுச் சிப்பி.
வருஷக் கணக்கில் செல்லுக்குள் படிந்த கசடு
எந்த மருந்தும் கேட்காமல்
தன்பாட்டுக்கு மின்னுகிறது.

அவர் ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார்.
"அப்படியென்றால் நாற்பத்தொன்றில் எத்தனை?"

முதல் ஸ்லைடை வைத்து
புற ஊதா விளக்கை அணைக்காமல் காத்திருந்தோம்,
ஆளுக்கொரு கண்ணை மாற்றி மாற்றி வைத்து.
ஒரு நிமிஷம். இரண்டு.
கசடு சாகாது, செரோடோனின் வெளிச்சத்தைத் தாங்காது,
இது இருவருக்கும் தெரியும்.
முப்பத்தெட்டு அசையாமல் ஜொலித்தன.
மூன்று மட்டும்
பார்க்கப் பார்க்க மங்கி,
ஆறிய தேநீரின் நிறமாகி,
இல்லாமல் போயின.

"அந்த மூன்றை எழுது" என்றார்.
எழுதினேன்.
படம் எங்கே என்று கேட்டபோதுதான்
கேமராவின் மூடி
என் மேலங்கிப் பையில் இருப்பது
கைக்குத் தட்டுப்பட்டது.

வாளியில் மிச்சமிருந்த சிப்பி ஒன்று
மெல்ல வாய் திறந்து
குழாய்த் தண்ணீரை ருசி பார்த்தது.