நிகர எடை

காஹாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டு என்னுடையது.
பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஓர் எண்,
காலியாகி வெளியே போகும்போது ஓர் எண்.
பெரியதில் சிறியதைக் கழித்துச் சீட்டை நீட்டுவேன்.
பதினோரு வருஷம்.
என் கழித்தலில் பிழை கண்டவர் இல்லை.
கிளினிக் தராசில் நான் ஏறியபோது
தாதி உதட்டைப் பிதுக்கினாள், அவ்வளவுதான்.

கொதிகலன் பரிசோதனைக்கு
மூன்று நாள் ஆலையை மூடினார்கள்.
ஆய்வுக்கூடத்து யோகமலர் சொன்னாள்:
கடலுக்குப் போவோம்,
ஹோட்டல் இல்லாத கடலுக்கு.
உரக்கிடங்கு திலகேஸ்வரி தார்ப்பாய் கொண்டு வந்தாள்,
யூரியா வாடை போகாத தார்ப்பாய்.
நீலத் தோம்பில் குடிதண்ணீர்,
சார்டின் டின் பத்து, அரிசி, மிளகாய்த்தூள்,
குளுவாங்கில் ஏழு வெள்ளிக்கு வாடகை எடுத்த
நீச்சல் கண்ணாடி ஒன்றே ஒன்று.

ஜெமாலுவாங் தாண்டி
எங்கேயோ செம்பனை நின்றுவிட்டது.
வரிசையில் நிற்காத ஒன்றை
அவ்வளவு பெரிதாக
நாங்கள் மூவரும் பார்த்ததில்லை.

படகுக்கார சாமாட் இறக்கிவிட்டுச் சொன்னார்:
நாளை மறுநாள் தண்ணீர் ஏறும்போது வருவேன்.
எதையும் எடுக்காதீர்கள்,
செத்த பவளத்தைக்கூட.

எங்கள் ஊரில் இருட்டு என்றால்
ஆலை விளக்கு படாத பக்கம்.
இங்கே அது எல்லாப் பக்கமும் இருந்தது.
யோகமலர் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கி
மணலில் கொஞ்ச தூரம் நடந்தாள்,
பிறகு அதைச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடினாள்.
மணல் ஈ கடித்தது.
திலகேஸ்வரி குறட்டை விட்டாள்.
அலை எத்தனை என்று எண்ணத் தொடங்கி
அறுபதில் என் மேலேயே கோபம் வந்து நிறுத்தினேன்.

காலையில் தண்ணீர் வற்றியிருந்தது.
எனக்கு நீந்தத் தெரியாது.
தோட்டத்தில் இருந்த ஒரே குளம் கழிவுக் குளம்,
கிட்டே போனாலே அடி விழும்.
மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி
முகத்தை மட்டும் கடலுக்குள் வைத்தேன்.

யாரோ கடுகு தாளிக்கிறார்கள்.
உண்மையாக, அந்தச் சத்தம்தான்.
பவளப்பாறை முழுக்கப் படபடவென்று பொரிகிறது,
அடுப்பு எங்கே என்றுதான் தெரியவில்லை.
கத்தரிப்பூ நிறக் கிளைகள்,
பழக்குலை அளவுக்கு ஒரு மஞ்சள் உருண்டை,
நடுவே ஒரு திட்டு மட்டும் வெள்ளை,
மீன் தின்றபின் தட்டோரம் ஒதுக்கிய முள் போல.
கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்துப்
பின்னால் மணலாக விட்டுப் போனது.
எங்கள் ஆலையும் இதே வேலைதான்,
புகை கொஞ்சம் அதிகம்.

அப்போதுதான் கவனித்தேன்,
கை தானாகக் கிடந்தது.
கால் எங்கோ பின்னால், என்னைக் கேட்காமல்.
உள்ளே வந்த எண் தெரியவில்லை,
வெளியே போகப்போகிற எண்ணும் தெரியவில்லை.
கழிக்க ஒன்றும் இல்லை.
கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது,
கடலா நானா என்று பார்க்கவில்லை.

மாலையில் திலகேஸ்வரி துணியை உதறியபோது
விரல் நீளப் பவளத்துண்டு விழுந்தது.
மகன் மீன்தொட்டிக்குக் கேட்டானாம்.
எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.
நாற்பது கிராம், தொழில் பழக்கம்.
திருப்பிக் கொடுத்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நடுராத்திரி டோர்ச் லைட் ஒன்று தண்ணீர்வரை போனது,
'ளொக்' என்று ஒரு சத்தம்,
லைட் திரும்பி வந்தது.
நான் தூங்குவது போலவே கிடந்தேன்.

திங்கட்கிழமை முதல் லோரி அருளப்பனுடையது.
சீட்டை எழுதிக்கொண்டே தலையைச் சாய்த்தேன்.
இரண்டு நாளாக அடைத்திருந்த காது திறந்து
வெதுவெதுப்பாக ஒரு சொட்டு
'நிகர எடை' கட்டத்தில் விழுந்தது.
எண் கரைந்து நீலமானது.

'வேற சீட்டு போடுங்கக்கா, கிராணி திட்டுவாரு.'

போட்டுக் கொடுத்தேன்.
கரைந்தது
மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது,
காய்ந்து,
ஓரத்தில் கொஞ்சம் உப்பு.