நவம்பரில் எடுத்த நாவல்

மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது குவோபியோவில்.
வாளித் தண்ணீரை வெளியே உறையவைத்து,
நடுவில் உறையாததைக் கொட்டிவிட்டு
மெழுகுவர்த்தி ஏற்றினோம்.
விளக்கு என்றாள் சனெல்மா.
எனக்கு அது வாளியாகத்தான் தெரிந்தது.

பட்டாணி சூப் அடிப்பிடித்துவிட்டது.
பிடிக்காத மேல்பாதியைப்
பிடித்தே சாப்பிட்டோம்.

நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலை
அவள் தூங்கியபின்
பத்துப் பத்துப் பக்கமாகப் படித்துவந்தேன்,
கம்பளிக் காலுறையை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு.
நேற்று கடைசி அத்தியாயம்.
கடைசித் தாளைக் காணோம்.

ஜன்னலில் புதிதாய் ஒரு காகிதப் பனிப்பூ.
ஆறு இதழ்.
கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் படித்தேன்:
கொலைகாரன் "அப்போதுதான் சிரித்தான்",
அவன் பெயர் இருந்த இடத்தில்
வைரம்போல ஓர் ஓட்டை,
அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு இல்மாரி
பனி வாரிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காப்பா?"
நல்லாத்தான் இருந்தது.
இன்னொன்று செய்யட்டுமா என்கிறாள்,
கத்தரியோடு,
சமையல் புத்தகத்தைப் பார்த்தபடி.