கூரைமேல் நான்கு சக்கரங்கள்

அந்த வாரம் டாலர் மூன்று முறை ஏறியது.
புதன்கிழமை அன்செல்மோ
பயண முகவரைப் பார்த்துவிட்டு வந்து
சாவியை மேசைமேல் வைத்தான்.
"பொலோன்யா இல்லை" என்றான்.
பிறகு கை கழுவப் போனான்.

அபராதம் போக மிச்சப் பணம்
பெசோவில் திரும்பி வந்தது,
வங்கிக்கு வந்து சேர்வதற்குள்
அதுவும் இளைத்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை.
ஐந்து மாதமாகப் பல் ஆஸ்பத்திரியில்
வாய் பிளந்து கிடப்பவர்களின் தலைமாட்டில் நின்று
ஒற்றைக் காதில் பாடம் ஓடவிட்டு
இத்தாலியன் கற்றிருந்தேன்.
ரயில் எந்த நடைமேடையில் நிற்கும்?
சன்னல் வைத்த அறை கிடைக்குமா?
இனி இதையெல்லாம் யாரிடம் கேட்பது.

"கார் இருக்கிறது" என்றான் ததேயோ.
பதினோரு வயதுக்கு அது ஒரு வாதம்.

பெட்டிதான் பெரிய தொல்லை.
விமானத்துக்கென்றே வாங்கியது,
ஆரஞ்சு நிறம், முட்டை ஓட்டின் வழவழப்பு,
நினைத்த பக்கம் உருள நான்கு சக்கரம்.
எங்கள் கிழட்டு ரெனோவின் டிக்கியில்
படுக்கவும் மறுத்தது, நிற்கவும் மறுத்தது.
கூரைமேல் ஏற்றி
துணி உலர்த்தும் கயிற்றால் கட்டினோம்.
ரொசாரியோவை விட்டு வெளியேறுமுன்பே
சக்கரங்கள் காற்றில் சுழலத் தொடங்கிவிட்டன.

பாஹியா பிளாங்காவைத் தாண்டினால்
மூன்றாம் எண் சாலை தெற்கே போகிறது.
போகிறது என்பதற்கு மேல்
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
முட்புதர். கம்பிவேலி.
வேலியில் மாட்டிய பிளாஸ்டிக் பை.
இன்னொரு முட்புதர்.
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
நாங்கள் முக்கியமில்லை என்று முடிவு செய்த
ஒரு குவானாக்கோ.
நான் மாத்தே ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.
இருநூறு கிலோமீட்டருக்கு
எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை,
பேச்சும் வரவில்லை.

சியெர்ரா கிராந்தேவுக்கு முன்னால்
ரேடியேட்டர் கொதித்தது.
குடிக்க வைத்திருந்ததை ஊற்றினோம், போதவில்லை.
அன்செல்மோ சாலையின் எதிர்ப்புறத்தைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
பார்த்ததை இருவரும் சொல்லவில்லை.

முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கோயில்.
அதைச் சுற்றி நூறு, இருநூறு தண்ணீர் பாட்டில்கள்.
தாகத்தில் செத்துப்போன கொர்ரேயாவுக்கு
லாரிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனவை.
அவள் செத்த பிறகும் முலையில் பால் சுரந்ததாம்,
பிள்ளை பிழைத்ததாம்.
நான் நம்புகிறவள் இல்லை.
ஆனாலும் அந்த மூடியைத் திருக
என் விரலுக்குத் துணிவு வரவில்லை.

ததேயோ போனான்.
வெயிலில் பச்சை படியாத இரண்டைத் தேர்ந்தெடுத்தான்.
குனிந்தபடியே, ஏதோ நினைவு வந்தவனாக,
"கிராட்சியே" என்றான்.

ஐந்து மாதப் படிப்பில்
செலவானது அந்த ஒரு சொல்.
அதுவும் என் வாயால் அல்ல.

திமிங்கலம் பார்க்கத்தான் வந்தோம்.
அவை டிசம்பரிலேயே கிளம்பிவிட்டன என்றாள்
மாத்ரினில் விடுதி நடத்தும் எலினெத்.
அவற்றுக்கு டிக்கெட் வேண்டாமே என்றான் அன்செல்மோ.
ஒரு மாதத்துக்குப் பிறகு
அவன் சிரித்து அன்று பார்த்தேன்.
அசதியில் நான் வாய் தவறி
சன்னல் வைத்த அறையை இத்தாலியனில் கேட்டுவிட்டேன்.
அவள் கண் சிமிட்டாமல் பதில் சொன்னாள்:
"இருக்கிறது. ஆனால் சாத்த வராது."

சாத்த வரவில்லை.
இரவு முழுவதும் கடல் அறைக்குள்ளேயே இருந்தது.

திரும்பும்போது ஆறு பாட்டில் வாங்கினோம்,
இரண்டு கடன், மீதி வட்டி.
எந்தக் கோயில் என்று தெரியவில்லை.
இதுதான் என்றான் அவன்.
இல்லை, அங்கே ஒரு டயர் கிடந்தது என்றேன் நான்.
நாற்பது கிலோமீட்டர் தேடி,
நல்ல உரத்த சண்டையும் போட்டு,
கடைசியில் டயர் இல்லாத ஒன்றில் வைத்தோம்.

கூரைமேல் ஒரு சக்கரத்தில் மணல் புகுந்துவிட்டது.
மற்ற மூன்றும்
வீடு வரை சுற்றிக்கொண்டே வந்தன.