மஞ்சள் அட்டைக் கணக்கு

உச்சிப்புளிக்குத் தெற்கே
ரயில் பாதை தாண்டி
முப்பத்தோரு எலுமிச்சை வைத்திருக்கிறேன்.
மணலில் நிற்கிறது என்றால் நம்பமாட்டார்கள்.
பழத்தைக் கையில் கொடுத்தால் பேசமாட்டார்கள்.

கச்சான் அடங்கிக் கொண்டல் கிளம்பிய வாரம்,
ஐப்பசியின் முதல் மழைக்குக் கொழுந்து வெடித்தது.
மறுநாளே வந்து குந்தின.
எள்ளில் பாதி.
பந்தியில் இலைமேல் கவிழ்ந்து சாப்பிடுகிறவனைப் போல
தலை தாழ்ந்து,
பின்பக்கம் வானம் பார்க்க.

தோட்டக்கலை ஆபீஸ் பையன் மெர்வின்
பிசின் பூசிய மஞ்சள் அட்டைகளைக்
கட்டிவிட்டுப் போனான்.
வெள்ளிதோறும் எண்ணச் சொன்னான்.

கிணற்றோர மரத்தில் எட்டு.
கடல் பார்த்த மரத்தில் பன்னிரண்டு.
கிழக்கு வேலி மூலையில்
நூற்று நாற்பதோடு நிறுத்தினேன்,
கண் எரிந்தது.

கிழக்கு வேலிக்கு அப்பால்
நம்புசெல்வி வீட்டுக் கறிவேப்பிலை.
அதன் கொழுந்திலும் அதே எள், அதே குனிவு.
"ரெண்டும் ஒரே குடும்பம்க்கா,
உங்க எலுமிச்சைக்கு அது சித்தி மக" என்றான்.
ரசத்துக்குக் கிள்ளும்போது நமக்குப் பசி எடுக்கும் வாசம்
அவற்றுக்கும் பசிதான்.

அரிவாளோடு போனேன்.

மழை விட்ட வெயிலில்
மூன்று வலை நிறையச் சாளை பரத்தியிருந்தாள்.
பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.
அந்தப் பூச்சிக்கு
இது வெறும் காற்று.
இவ்வளவு நாற்றத்தின் நடுவே
ஒரு துளிர் மூச்சு விடுவது மட்டும் அதற்குக் கேட்கிறது.

"வெட்டிக்க களஞ்சியம்.
மெஸ்ஸுக்கு நாளைக்கு நாலு கட்டு
நீ கொண்டுபோய்க் குடு" என்றாள்.
கருவாட்டைப் புரட்டியபடியே
இன்னொன்றும் கேட்டாள்:
"எம் மரம் உனக்கு அனுப்புதா,
உம் மரம் எனக்கு அனுப்புதா,
நின்னு பாத்தியா?"

பார்க்கவில்லை.
அட்டை என் பக்கம் மட்டும்தான் கட்டியிருந்தது.

அவள் மரத்திலும் இரண்டு கட்டினோம்.
அவள் கொழுந்தைக் கிள்ளி விற்ற வாரம்
என் பக்கம் ஏறியது.
என் கொழுந்து முற்றிய வாரம்
அவள் பக்கம் ஏறியது.
எண்ணிக்கைதான் கிடைத்தது,
குற்றவாளி கிடைக்கவில்லை.

இருபத்தேழாவது மரம்
இலையில் பாதி மஞ்சள், பாதி பச்சை,
நரம்பின் இருபுறமும் ஒத்துவராமல்.
மெர்வின் குரலைத் தாழ்த்தினான்,
நோயாளி பக்கத்தில் படுத்திருப்பதுபோல.
நோய் பிடித்த மரம் வேறு மாதிரி மணக்குமாம்,
மூட்டுவலித் தைலத்தில் இருக்கிறதே, அந்த வாசம்.
அதுதான் பூச்சியை இழுக்குமாம்.
வந்தது உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு,
சாறு சப்பென்று இருக்கவே,
நோயையும் சுமந்துகொண்டு
நல்ல மரம் தேடிப் போகுமாம்.

கசக்கி மோந்தேன்.
எலுமிச்சை. அவ்வளவுதான்.
சாயங்காலம் வேலியோரம்
நம்புசெல்வி முழங்காலில் தைலம் தேய்க்கையில்
மறுபடி மோந்தேன், அவளுக்குத் தெரியாமல்.
இந்த மூக்கை வைத்துக்கொண்டுதான்
அரிவாளோடு போயிருக்கிறேன்.

அவள் மரத்துக்குத் தீட்டிய அரிவாள்
என் மரத்தை வெட்டியது.
பழத்தோடுதான்.

வரிசை இடையில் கொய்யா நட்டோம்.
கொய்யா இலை மணம் அதற்கு ஆகாதாம்,
எலுமிச்சை இருக்கும் திசை தப்பிவிடுமாம்.
கன்று முழங்கால் உயரம்கூட இல்லை.
தினமும் இரண்டு இலையைக் கையால் நசுக்கிவிடுகிறேன்,
சத்தமாக மணக்கட்டும் என்று.
மூலை அட்டையில் இப்போது அறுபத்தொன்று.
கொய்யாவாக இருக்கலாம்.
அடித்த மழையாகவும் இருக்கலாம்.
மெர்வின் இரண்டையும் எழுதிக்கொண்டான்.

நேற்று வெள்ளி.
வெட்டிய அடிக்கட்டையில்
அரை விரல் நீளத்துக்கு ஒரு கொழுந்து.
மண்டியிட்டு மோந்து பார்க்கக் குனிந்தேன்.
எனக்கு முன்னால் மோந்தது ஒன்று
அங்கே குந்தியிருந்தது,
பின்பக்கம் வானம் பார்க்க.