வண்டி நின்ற பிறகு

வேலந்தாவளத்தில் எங்கள் எடைமேடை
செக்போஸ்ட்டிலிருந்து நூறடி.
மேசைமேல் கிடக்கும் என் போன்
ஒரு நிமிடம் கேரளத்தில் இருக்கும்,
மறுநிமிடம் தமிழ்நாட்டில்.
நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்.

ராத்திரி ஒன்பதுக்குத்
தக்காளி லாரிகள் ஓய்ந்ததும்
அதே கம்ப்யூட்டரில் வீட்டுக்கணக்கைத் திறப்பேன்.
பால், கேஸ், ஸ்கூட்டர் தவணை,
மாமியாரின் சர்க்கரை மாத்திரை.
கஞ்சிக்கோட்டில் நைட் ஷிப்டுக்கு நடுவே
சசீந்திரனும் அதே கணக்கைத் திறப்பார்.
இருவருக்கும் மேலே மேகம்.
நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்,
அதுவே எடுத்துப் பத்திரமாய் வைத்துக்கொள்ளும் என்றான்
பொருத்திக்கொடுத்த பையன்.
கூலி முந்நூறு. அதையும் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை
கோப்பு இரண்டாகிவிட்டது.
ஒன்றின் பெயர் வீட்டுக்கணக்கு.
இன்னொன்றும் வீட்டுக்கணக்குதான்,
வாலில் மட்டும்
முரண்பட்ட நகல் என்று ஒட்டியிருந்தது.
அசலில் கையிருப்பு பதினோராயிரத்து நாற்பது.
நகலில் அறுபது குறைவு,
அது அவர் தின்ற பரோட்டாவும் டீயும்.
அதோடு முடிந்திருக்கலாம்.

ஒன்பது பதினேழுக்கு நான் எழுதியது:
தம்பிக்கு, நாலாயிரம்.
ஒன்பது பத்தொன்பதுக்கு அழித்து எழுதியது:
மீன், நாலாயிரம்.
அந்த இரண்டு நிமிட இடைவெளியில்
மேகம் வந்து போயிருக்கிறது.
என் திருத்தம் என்னிடம்,
என் உண்மை அவரிடம்.

போனில் கோபமாகக் கேட்டிருந்தால்
நானும் கத்தியிருப்பேன்.
அவர் மெதுவாகத்தான் கேட்டார்:
"நாலாயிரத்துக்கு எந்த மீன்?
நெய்மீனா, திமிங்கலமா?"
அப்போது என் போன் கேரளத்தில் இருந்தது.
பதில் சொல்வதற்குள் தமிழ்நாட்டுக்கு வந்து
கட்டாகிவிட்டது.

துரையரசு கிணத்துக்கடவில்
கோழிப்பண்ணை வைத்து நொடித்தவன்.
போன தடவையே கடைசித் தடவை என்று
நான்தான் சொல்லியிருந்தேன்,
அவர் கேட்கவேயில்லை.

அன்றிரவு இரண்டு கோப்புகளையும்
பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து
வரிவரியாய் ஒத்துப் பார்த்தேன்.
நூற்றுப்பன்னிரண்டு வரி.
ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்துகொண்டன.

பிழை எதுவென்று எனக்குத் தெரியாமலா?
தினம் நாற்பது வண்டிக்கு நானே சொல்வதுதான்.
உருளும் லாரிக்கு எடை கிடையாது.
என்ஜினை அணை. டிரைவர் இறங்கு. கிளீனரும் இறங்கு.
முள் ஆடி அடங்கட்டும்.
அதற்கப்புறம்தான் சீட்டு.
ஒருத்தன் ஏறிக்கொண்டிருக்கும்போதே
இன்னொருத்தன் சீட்டெழுதினால்
முருங்கைக்காயோடு சேர்த்து
ஆளையும் விற்க வேண்டிவரும்.

அதனால்
கணக்கை மேகத்தின் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து
டி டிரைவில், அதன் கை எட்டாத இடத்தில் வைத்தேன்.
எழுதி, மூடி,
மூடிவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்து,
தேதிபோட்ட நகல் ஒன்றை மட்டும்
மேகத்துக்கு ஏற்றிவிடுகிறேன்.
அவர் முறை வந்தால்
அந்த நகலை இறக்கிக்கொள்வார்.
ஒருத்தர் மேடையில் இருக்கும்வரை
மற்றவர் ஏறக்கூடாது.
எழுதி முடித்து ஏற்றியதும் ஒரே ஒரு மெசேஜ்:
இறங்கிட்டேன்.

பத்து மணிக்கு என்னிடமிருந்து இறங்கிட்டேன்.
இரண்டரைக்கு அவரிடமிருந்து இறங்கிட்டேன்.
தம்பியைப் பற்றி
இருவரும் இன்னும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை
மத்தி இரண்டு கிலோ வாங்கிவந்தார்.
செய்தித்தாளில் சுற்றியது,
வாலெல்லாம் வெளியே.
நான் செதில் உரசிக்கொண்டிருந்தபோது
உள்ளே உட்கார்ந்து கணக்கெழுதினார்.
மெசேஜ் வந்தது, பக்கத்து அறையிலிருந்து.
கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

தம்பிக்கு, முந்நூற்று இருபது.

நான் அதைத் திருத்தவில்லை.
மூடினேன், ஏற்றினேன்.
அடுப்பில் குழம்பு கொதி வந்துவிட்டது.